ஜங்கீர் சிங்கின் முதல் குவியல்

கோட் சுக்கா கிராமத்து ஜங்கீர் சிங் பிறப்பிலேயே முந்திக்கொண்டவர். அவருடைய தாய் ஏழாம் மாத வயிற்றோடு கடுகுக் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நினைத்தாரோ என்னவோ, வயல் வரப்பிலேயே வெளியே வந்துவிட்டார். மருத்துவச்சி மூச்சிரைக்க ஓடி வந்தபோது பிள்ளை அழ வேண்டியதை அழுது முடித்துத் தூங்கிப் போயிருந்ததாம்.

அதற்குப் பிறகு அவர் யாருக்காகவும் எதற்காகவும் காத்திருந்ததில்லை. கல்யாண வீடுகளில் சமையல்காரன் விறகு அடுக்குவதற்கு முன்னால் போய்ப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்துத் தெரு பிஷன் சிங்குக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று காதில் விழுந்த அன்று, வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு அந்த வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்து, "எப்பேர்ப்பட்ட மனுஷன், இப்படிப் போயிட்டாரே" என்று மூக்கைச் சிந்தினார். உள்ளேயிருந்து பிஷன் சிங்கே கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, "யாரு போயிட்டா?" என்று கேட்டார். அந்த ஆத்திரத்தில்தான் பிஷன் சிங் மேலும் பல வருஷம் சாகாமல் இருந்தார் என்று ஊரே சொல்லும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் பண்டிகை. வைசாகி இல்லை, அது எல்லோருக்கும் ஒரே நாளில் வருவது, அதில் என்ன பெருமை? அவருடைய பண்டிகை, மண்டியில் புதுக் கோதுமை முதன்முதலாக வந்து விழும் நாள். கமிஷன் மண்டி நடத்தும் லாலா ஹுகம்சந்த், யாருடைய கோதுமை முதலில் வருகிறதோ அவருக்குச் சாமந்தி மாலை போட்டு, காவித் துண்டு போர்த்தி, மண்டி முழுக்க லட்டு கொடுப்பார். பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து படம் பிடிப்பான். எட்டு வருஷமாக அந்தத் துண்டு ஜங்கீர் சிங்கின் தோளைத் தவிர வேறு தோளைப் பார்த்ததில்லை. வீட்டுக் கூடத்தில் எட்டுப் படங்களும் வரிசையாகத் தொங்கின. எட்டிலும் அதே மீசை, அதே துண்டு. ஒன்பதாவது படத்துக்கான ஆணியை அவர் தை மாதக் குளிரிலேயே அடித்துவிட்டார்.

முதலில் வருவதற்காக அவர் முதலில் விதைப்பார். கடைசித் தண்ணீரை விடாமலே நிறுத்துவார். கதிர் தாகத்தில் பயந்து சீக்கிரம் பழுக்கும். அவர் மனைவி அங்ரேஜ் கௌருக்கு இது வயிற்றெரிச்சல். கணவரை அவள் 'சர்தார்ஜி' என்றுதான் கூப்பிடுவாள். அந்த மரியாதையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு காரம் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

"ஊர்ல எல்லார் வீட்டுக் கோதுமையும் கோதுமை மாதிரி இருக்கு. நம்ம வீட்டுது சீரகம் மாதிரி இருக்கு, சர்தார்ஜி. அரைச்சு ரொட்டி சுடறதா, பருப்புல தாளிச்சுக் கொட்டறதா?"

"மாலை யாருக்கு விழுது? அதைச் சொல்லு அங்ரேஜோ."

"மாலையைத்தான் எருமைக்குப் போட்டுப் பார்த்தேன். அதுவும் சாமந்தி தின்னாது."

அந்த வருஷம் குளிர், வந்த விருந்தாளி மாதிரி போகவே மாட்டேன் என்றது. பங்குனி பாதி போன பிறகும் காலையில் ரஜாய் போர்த்த வேண்டியிருந்தது. ஊர்க் கோதுமை முழுக்கப் பச்சைப்பசேல் என்று நின்றது. ஆனால் அடுத்த ஊர் பூட்டா சிங்குடைய நிலம் மணல் திட்டு. அங்கே எல்லாம் சீக்கிரம் முற்றும். பூட்டா சிங் சின்ன வயசுக்காரன். டீக்கடையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "இந்த வருஷம் துண்டு என் தோளுக்குத்தான். சாச்சாவுக்கும் வயசாச்சு, ஓய்வெடுக்கட்டும்" என்று சித்தப்பா முறை வைத்துச் சொல்லிவிட்டான். சொன்ன டீ ஆறுவதற்குள் செய்தி ஜங்கீர் சிங்கின் காதுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு ரொட்டி இறங்கவில்லை.

கோதுமை முற்றியதா என்று பார்க்க அங்கே எல்லோரும் செய்வது ஒன்றுதான். கதிரைப் பிடுங்கி உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதி, மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார்கள். 'கடக்' என்று உடைந்தால் அறுக்கலாம். மாவு மாதிரி அமுங்கினால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். ஜங்கீர் சிங் தினமும் விடிந்ததும் போய்க் கடித்துப் பார்த்தார். ஒரு நாள் காலை துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"அங்ரேஜோ! முத்திடுச்சு! கடக்குன்னு சத்தம் வருது!"

எருமையைக் கறந்துகொண்டிருந்த அங்ரேஜ் கௌர் எழுந்து வந்து, அவர் கையிலிருந்த மணியில் ஒன்றை எடுத்துத் தன் பல்லில் வைத்தாள். துப்பினாள்.

"பாலே இன்னும் வத்தல. எருமை மடியை விட இதுல ஜாஸ்தி இருக்கும் போல."

"உனக்கு என்ன தெரியும்? நாப்பது வருஷ அனுபவம் எனக்கு."

"அனுபவமா கடிச்சுது? கடிச்சது போன மாசம் டவுன்ல கட்டின செட்டுப் பல்லு. மேல் பல்லு கீழ்ப் பல்லுல இடிச்சா கடக்குன்னுதான் கேக்கும். நீங்க வாழைப்பழம் சாப்பிட்டாலே அந்தச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேக்குது. ராத்திரியெல்லாம் கிண்ணத்துத் தண்ணில தூங்கற பல்லுக்கு கோதுமையைப் பத்தி என்ன தெரியும்?"

ஜங்கீர் சிங் நேரே கம்பைன் என்கிற அறுவடை மெஷினை ஓட்டும் கேவலைக் கூப்பிடப் போய்விட்டார்.

கேவல் வந்தான். வயலைச் சுற்றிப் பார்த்தான். இரண்டு கதிரைக் கிள்ளினான். "சாச்சா, இது கோதுமை இல்ல, தீவனம். நாலு மாட்டை அவுத்து விடுங்க, சாயங்காலத்துக்குள்ள அறுவடை முடிஞ்சிடும். என் மெஷின் வாயில இதைத் திணிச்சா அது வாந்தி எடுக்கும்" என்றான்.

"ரோட்டோர ரெண்டு ஏக்கர் மட்டும் ஓட்டு போதும். முதல் குவியலுக்கு அது போதும்."

"பசிக்குது சாச்சா. பசில எனக்கு எதுவும் தோணாது."

அறுவடை மெஷின் ஆட்களுக்கு அறுக்கிற வீட்டில்தான் சாப்பாடு. யார் வீட்டில் நெய் தாராளமோ அந்த வயலுக்கு மெஷின் தானாகவே திரும்பும்; மாவட்டம் முழுக்க இதுதான் வழக்கம். அங்ரேஜ் கௌர் கைப் பராத்தாவுக்காக மூன்று ஊர் தள்ளியிருக்கும் வயலை விட்டுவிட்டு வந்தவன் கேவல். ஆகவே விஷயம் அடுப்படிக்குப் போனது. அங்ரேஜ் கௌர் அடுப்பை மூட்டவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடுப்பு எரியணும்னா எனக்கு ஒரு வார்த்தை வேணும், சர்தார்ஜி. இந்தக் கோதுமை மண்டில நல்லபடியா எடை போட்டுப் போச்சுன்னா, நான் இனிமே வாயே திறக்கல. போகலேன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து என்னிக்கு அறுக்கறதுங்கறதை நான் சொல்லுவேன். நீங்க கேப்பீங்க. கேவல், நீதான் சாட்சி."

"நான் எதுக்கும் சாட்சிதான், சாச்சி. நெய் மட்டும் குறைச்சுடாதீங்க."

"சரி சரி, வார்த்தை குடுத்தாச்சு" என்றார் ஜங்கீர் சிங். அவள் சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். அவள் கேட்டது இன்னதென்று பாதிதான் அவர் காதில் ஏறியிருக்கும்.

மெஷின் வயலில் இறங்கியது. பத்தடி போவதும், தொண்டையில் பச்சைத் தாள் சுற்றிக்கொண்டு நிற்பதும், கேவல் இறங்கிப் பிடுங்கி எறிந்துவிட்டு ஜங்கீர் சிங்கின் முன்னோர்களை விசாரிப்பதுமாக அன்று பகல் கழிந்தது. இரண்டு ஏக்கர் அறுப்பதற்குள் அவன் குரல் போய்விட்டது. மறுநாள் கஞ்சி போட்டு வெளுத்த இளஞ்சிவப்புத் தலைப்பாகையோடு, மகன் டிராக்டர் ஓட்ட, டிரெய்லர் நிறையக் கோதுமையின் மேல் மகாராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு ஜங்கீர் சிங் மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது, மண்டி வாசல் இன்னும் பெருக்கப்படவில்லை. லாலா ஹுகம்சந்த் குளித்துக்கொண்டிருந்தார். ஈர வேட்டியோடு ஓடி வந்து பார்த்து, "நீங்கதான்னு வண்டிச் சத்தத்துலயே தெரிஞ்சுது" என்றார். வாசலை அடுத்த நல்ல இடத்தில் கோதுமையைக் கொட்டினார்கள். மாலை விழுந்தது. துண்டு விழுந்தது. லட்டு வந்தது. படக்காரன் கொஞ்சம் சிரிக்கச் சொன்னான். புதுப் பல் வரிசையை அவர் அவனுக்கு முழுவதுமாகக் காட்டினார்.

அப்புறம்தான் அரசு கொள்முதல் இன்ஸ்பெக்டர் வந்தார், கையில் டிபன் பாக்ஸ் அளவு ஒரு மெஷினோடு. தானியத்தில் எவ்வளவு ஈரம் என்று அது சொல்லும். நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் போனால் சர்க்கார் வாங்காது. ஒரு பிடி கோதுமையை உள்ளே போட்டு மூடினார். பதினெட்டு என்றது.

"உங்க மெஷினுக்கு ஜுரம்" என்றார் ஜங்கீர் சிங்.

இன்னொரு பிடி போட்டார்கள். பதினெட்டரை.

"இப்ப இன்னும் ஏறிடுச்சு பாருங்க, மாத்திரை குடுங்க அதுக்கு. நான் காட்டறேன் உங்களுக்கு." ஒரு மணியை எடுத்து வாயில் போட்டு, இன்ஸ்பெக்டரின் காதருகே முகத்தைக் கொண்டுபோய்க் கடித்தார். "கேட்டுதா? கடக்!"

இன்ஸ்பெக்டர் பொறுமைசாலி. "கேட்டுது பெரியவரே. ஆனா சத்தம் கோதுமைலேர்ந்து வரல" என்றார். "பரப்பிக் காயப் போடுங்க. காய்ஞ்சதும் வரேன்."

லட்டு தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் லட்டோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கினார்கள். சிலருக்கு விக்கிக்கொண்டது.

திருப்பி ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மாலையும் கழுத்துமாய் வந்த மாப்பிள்ளை பெண்ணில்லாமல் திரும்புவது போல அது. வெறும் வண்டியோடு மகன் போகட்டும் என்று அனுப்பிவிட்டு, லாலாவிடம் ஒரு கயிற்றுக் கட்டிலை வாங்கிப் போட்டு, கோதுமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பகலில் மரப்பலகையால் கோதுமையைக் கிளறிக் கிளறிக் காய வைப்பார். பகல் முழுக்க வெயில் குடித்த ஈரத்தை இரவுப் பனி வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். மெஷின் ஒரு நாள் பதினாறு என்னும், மறுநாள் பதினேழு என்னும்.

பூட்டா சிங் வந்தான். அவன் கோதுமை மணலில் விளைந்தது, சலசலவென்று கொட்டியது. காலையில் வந்தவன் மத்தியானம் மூட்டை கட்டி எடை போட்டுவிட்டான். போகிற போக்கில் கட்டில் பக்கம் நின்றான்.

"சாச்சா, இன்னும் இங்கதானா? வீட்ல சேத்துக்கலையா?"

"முதல்ல வந்தது யாரு? மாலை யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சாச்சா. இப்படியே இருங்க, மாலை வெயில்ல நல்லாக் காயுது. கோதுமைதான் காயக் காணோம்."

ஊர் ஊராக டிராக்டர்கள் வரத் தொடங்கின. வாசலிலேயே பரந்து கிடந்த ஜங்கீர் சிங்கின் கோதுமையைச் சுற்றித்தான் எல்லா வண்டியும் போக வேண்டியிருந்தது. ஓட்டுகிறவர்கள் வாய்விட்டுத் திட்டினார்கள். பீகாரிலிருந்து வந்த சுமை ஆட்கள் அவருடைய கட்டில் காலில் கயிறு கட்டித் துணி உலர்த்தினார்கள். புதிதாக வந்த ஒருவர் அவரை அதிகாரி என்று நினைத்து, "சர்தார்ஜி, எங்க இறக்கணும்?" என்று கேட்டார். ஜங்கீர் சிங் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நாலாவது ஷெட்டுக்குப் போ, அங்க தரை நல்லா இருக்கும்" என்று கை காட்டினார். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் அவரே வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒழுங்காக வரிசையில் நிற்காதவர்களைக் கண்டித்தார். லாலா ஹுகம்சந்த் தன் ஆட்களிடம், "சம்பளம் கேக்கற வரைக்கும் விட்டு வைங்க" என்று சொன்னதாகக் கேள்வி.

இதற்கிடையில் வீட்டில் மிச்ச வயல் பழுத்தது. காற்றடித்தால் கதிரெல்லாம் சலங்கை கட்டிக்கொண்டது போலக் கேட்டது. அங்ரேஜ் கௌர் தன் பல்லால் கடித்துப் பார்த்தாள். இன்னும் இரண்டு நாள் பொறுத்தாள். பிறகு கேவலுக்கு ஆள் அனுப்பினாள். தடையே இல்லாமல் மெஷின் ஓடியது. மகனுக்கு வயலில் வேலை இருந்ததால், டிராக்டரை அவளே ஓட்டிக்கொண்டு மண்டிக்கு வந்தாள். துப்பட்டாவைத் தலைக்கு இறுகக் கட்டிக்கொண்டு, ஹார்னில் வைத்த கையை எடுக்காமல் வந்தாள். வாசலில் ஒருவர் வழி மறித்து, "நாலாவது ஷெட்" என்று கை காட்டினார்.

"கையை இறக்குங்க சர்தார்ஜி. நான்தான்" என்றாள் அவள்.

அவளுடைய குவியலுக்கு மெஷின் பதினொன்று என்றது. இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிட்டு, மூட்டை பிடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். மேற்கே வானம் எருமை நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஜங்கீர் சிங் மனைவி பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"அங்ரேஜோ, ரெண்டையும் கலந்துடலாம். உன்னது பதினொண்ணு, என்னது பதினாறு. சேத்தா சரியாப் போயிடும். ரெண்டும் நம்ம கோதுமைதானே."

"ஒண்ணு உங்க கோதுமை. இன்னொண்ணு விளைஞ்ச கோதுமை."

அவள் டீ குடிக்கத் திரும்பினாள். அவ்வளவுதான், ஜங்கீர் சிங் ஒரு கூடை அள்ளி அவளுடைய குவியலின் ஓரத்தில் கொட்டிவிட்டார். இரண்டாவது கூடையை அள்ளும்போது, மூட்டை பிடிக்கும் ஆள் கையை நிறுத்திவிட்டான். "அம்மா, இங்க ஓரத்துல ஏதோ ஈரமா ஒட்டுது. இன்ஸ்பெக்டரைத் திரும்பக் கூப்பிடணும்" என்றான்.

கூப்பிட்டிருந்தால் அன்று எடை நடந்திருக்காது, மழையோ தலைக்கு மேல் வந்துவிட்டது. அங்ரேஜ் கௌர் ஓடி வந்தாள். கத்தவில்லை. குந்தி உட்கார்ந்து, அந்த ஓரத்தை மட்டும் தன் துப்பட்டாவில் அள்ளி அள்ளி வெளியே கொட்டினாள். சுத்தமான மணியும் சேர்ந்துதான் போயிற்று. ஈரம் போனால் போதும் என்று கொட்டினாள். ஒரு வருஷச் சாப்பாடு அந்தக் குவியல். அவள் அள்ளிக் கொட்டுவதை ஜங்கீர் சிங் பார்த்தார். கையிலிருந்த கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளாத குறையாக நின்றார்.

கடைசி மூட்டை தைத்து ஷெட்டுக்குள் போகவும் காற்று எழும்பவும் சரியாக இருந்தது. மழை வந்த வேகத்தைப் பார்த்தால் பூட்டா சிங்கே அனுப்பி வைத்தது போல இருந்தது. அங்ரேஜ் கௌர் தன் டிரெய்லரிலிருந்த தார்ப்பாயை இழுத்து வந்து கணவரின் கோதுமை மேல் விரித்தாள். ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை அவள் பிடித்தாள். இரண்டு பேரும் நனைந்துகொண்டே பிடித்திருந்தார்கள். ஆனால் தண்ணீர் மேலேயிருந்து மட்டும் வருவதில்லையே. மண்டியில் வாசல்தான் பள்ளம். நாலு ஷெட்டுத் தண்ணீரும் தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து கோதுமையில் கொஞ்சத்தைத் தூக்கிக்கொண்டு போய், மிச்சத்தை ஊற வைத்தது.

"விடுங்க" என்றாள் அவள்.

"பிடி, பிடி. முக்கால்வாசி தப்பிச்சுடும்."

"கையை விடுங்க சர்தார்ஜி. ஜுரம் வரும்."

அவர் விட்டார்.

மழை நின்று மூன்றாம் நாள் வெயிலில் தார்ப்பாயைத் தூக்கியபோது, உள்ளே கோதுமை முளைத்திருந்தது. சாதாரண முளை இல்லை. மண்டித் தரையில் விரல் நீளத்துக்குப் புல்வெளி. சுமை ஆட்களின் ஆடு ஒன்று முன்கூட்டியே வந்து நின்றிருந்தது. பூட்டா சிங் பார்க்க வந்தான், விடுவானா?

"வாழ்த்துகள் சாச்சா! நாங்கெல்லாம் தீபாவளி கழிச்சுத்தான் விதைப்போம். நீங்க சித்திரையிலயே முடிச்சிட்டீங்க. அடுத்த வருஷத் துண்டு இப்பவே உங்களுக்குத்தான்."

மண்வெட்டியால் சுரண்டி ஏற்றிய அந்தப் பயிரை எருமைகள் இரண்டு நாள் ருசித்துத் தின்றன. வீட்டில் அந்தக் கோதுமையைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவை அவை மட்டும்தான்.

அடுத்த வருஷம், கொடுத்த வார்த்தைக்குக் கணக்கு வந்தது. ஜங்கீர் சிங் பல விதத்திலும் அசட்டு மனிதர்தான். ஆனால் சொன்ன சொல்லை விழுங்குகிறவர் இல்லை. பங்குனி பிறந்ததும் தினமும் விடியற்காலையில் வயலுக்குப் போவார். கதிரைப் பறித்துக் கசக்கி, ஊதி, உள்ளங்கையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்து மனைவியிடம் நீட்டுவார்.

"இன்னிக்கு?"

அவள் கடித்துப் பார்ப்பாள். "இல்ல."

பூட்டா சிங்குக்கு மாலை போடுகிறார்கள் என்று செய்தி வந்தது. ஜங்கீர் சிங் கட்டிலில் புரண்டார். எழுந்தார். நடந்தார். கடைசியில் கிளம்பிப் போய் அந்த விழாவிலும் லட்டு வருவதற்கு முன்னாலேயே முதல் ஆளாக நின்றார். அங்ரேஜ் கௌருக்கும் ஒன்று வாங்கி வந்தார். அவள் தின்றுகொண்டே, "இன்னிக்கும் இல்ல" என்றாள்.

பக்கத்து வயல்கள் ஒவ்வொன்றாய்க் காலியாயின. அவர்களுடைய வயல் மட்டும் தளும்பிக்கொண்டு நின்றது. மணியைப் பார்த்தால் அது சீரகம் இல்லை; கொழுத்த கோதுமை. ஒரு நாள் காலை அவள் மணியைக் கடித்து, மென்று, நிதானமாக விழுங்கினாள்.

"முத்திடுச்சு. பனி காயட்டும், நாளைக்கு வெச்சுக்கலாம். போய்க் கேவலைக் கூப்பிடுங்க."

ஜங்கீர் சிங் அசையவில்லை. தாடியைச் சொறிந்தார்.

"என்ன?"

"கூப்பிட்டாச்சு" என்றார்.

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். கிணற்றடி மரங்களுக்குப் பின்னால், வைக்கோல் போருக்கு மறைவில், சாக்குப் போர்த்திய கம்பைன் நின்றது. அதன் நிழலில் கேவல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வந்து இரண்டு நாள் ஆகிறது என்று பிறகு தெரிந்தது.

"என்னிக்கு அறுக்கறதுன்னு நீ சொல்லணும்னுதானே பேச்சு" என்றார் ஜங்கீர் சிங் அவசரமாக. "மெஷின் என்னிக்கு வரணும்னு பேச்சே இல்லையே. வேணும்னா கேவலைக் கேளு, அவன்தான் சாட்சி."

அங்ரேஜ் கௌர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டுச் சாய்ந்துகொண்டாள்.

"சரிதான். நாளைக்கு அறுக்கற நாள், அன்னிக்கு நான் சமைப்பேன். இன்னிக்கு வந்து நிக்கறவனுக்கு யாரு கூப்பிட்டாங்களோ அவங்க சுட்டுப் போடட்டும்."

மாவு பிசைகிற சத்தமும், கல்லில் எதுவோ தீய்கிற வாசனையும், நடுநடுவே ஜங்கீர் சிங் அடுப்பைத் திட்டுவதும் அடுப்படியிலிருந்து வந்தன. கொஞ்ச நேரத்தில் கேவல் தட்டோடு வெளியே வந்தான். பாதி கடித்த ரொட்டியைப் பிட்டு, விரித்துக் காட்டினான்.

"சாச்சி, உள்ளெல்லாம் மாவா இருக்கு. இறக்க அவசரப்படாதீங்கன்னு சொன்னேன், கேக்க மாட்டேங்கறார்."

"திருப்பிக் கல்லுலயே போடச் சொல்லு" என்றாள் அங்ரேஜ் கௌர், கண்ணைத் திறக்காமலே. "வெந்ததும் நான் சொல்றேன்."